எனக்குப் பாதி மண்ணு வேணும்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஐப்பசி அடைமழை ஓய்ந்து வெயில் மெல்லத் தலைகாட்டத் தொடங்கியிருந்த சமயம். போடிநாயக்கனூருக்கும் தேவாரத்துக்கும் நடுவில், ஏலமலை இறங்கி வந்து சமவெளியைத் தொடுகிற இடத்தில் இருக்கும் ஒரு தோட்டத்தில் இது நடந்தது.

நான் மதுரையில் ஒரு தனியார் மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பெரும்பாலும் விவசாயிகள் பையில் கட்டிக் கொண்டுவரும் மண்ணைச் சோதித்து, ஜிப்சம் போடுங்கள், சுண்ணாம்பு போடுங்கள், யூரியாவைக் குறையுங்கள் என்று எழுதிக் கொடுக்கும் வேலை. அதில் ஆபத்தும் இல்லை, சண்டையும் இல்லை. அன்றைக்குப் போனது வேறு மாதிரியான வேலை.

அந்தத் தோட்டத்துக்குச் சற்று மேலே, மேட்டில் ஒரு குப்பைக் கிடங்கு இருக்கிறது. சுற்றுவட்டாரக் குப்பையெல்லாம் லாரியில் வந்து அங்கே கொட்டப்படும். ஒரு ஒப்பந்தக்காரர் அதை நடத்துகிறார். குப்பை மக்கும்போது அடியிலிருந்து கறுப்பாக ஒரு நீர் வடியும். அதை வெளியே விடக்கூடாது, தொட்டி கட்டித் தேக்கிவைக்க வேண்டும். தேக்கித்தான் வைத்திருந்தார்கள். ஆனால் அந்த மழைக்குத் தொட்டியின் கரை உடைந்து, கறுப்புத் தண்ணீர் மொத்தமும் ஓடையில் இறங்கி, ஓடை கொள்ளாமல் கீழே உள்ள தோட்டங்களுக்குள் பாய்ந்துவிட்டது. நாங்கள் போனபோது தண்ணீர் வடிந்திருந்தது. மண்ணில் எதை விட்டுவிட்டுப் போனது என்று பார்க்கத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். கூப்பிட்டது கிடங்கை நடத்துகிற அதே ஒப்பந்தக்காரர்.

எங்கள் கூடத்தின் வண்டியை ஓட்டுகிற அண்ணனும் நானும் மட்டும் போயிருந்தோம். தோட்டத்துக் கம்பிக்கதவுக்குப் பின்னால் ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயதுதான் இருக்கும், என்னைவிட ரொம்பச் சின்னவள். சேலைக்கு மேல் புருஷனுடைய முழுக்கைச் சட்டையைப் போட்டிருந்தாள். பி.காம் படித்தவள், கல்யாணத்துக்கு முன்பு போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் கணக்குப் பார்த்தவள் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். அப்போது அவள் கதவைத் திறக்கவில்லை.

"யாரு அனுப்புனது?" என்று கேட்டாள். சொன்னேன்.

"அப்ப அவுக ஆளுகதான நீங்க."

"அப்படி இல்லம்மா. நாங்க லேப்புல இருந்து வர்றோம். யாரு கூப்பிட்டாலும் மண்ணுல இருக்குறதைத்தான் சொல்லுவோம்."

"போன வாரமும் ரெண்டு பேரு இதையேதான் சொன்னாக மேடம். தண்ணியே ஏறாத வரப்புல நின்னு ரெண்டு பிடி மண்ண அள்ளிட்டுப் போனாக. எல்லாம் நல்லாருக்குன்னு சொல்லிட்டாக. நல்லாருக்குற மண்ணுல தக்காளி ஏன் கருகி நிக்குதுன்னு கேட்டேன். வண்டியேறிப் போயிட்டாக."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. கடையில் சாமான் கேட்கிற மாதிரி நிதானமாகத்தான் பேசினாள்.

"உள்ள விடுறேன். தண்ணி பாஞ்ச எடத்துலயெல்லாம் எடுக்கணும். எடுக்குற ஒவ்வொரு பையிலயும் எனக்குப் பாதி மண்ணு வேணும். கட்டி, ஒட்டி, நீங்களும் நானும் கையெழுத்துப் போட்டு."

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. நான் பரிமாறிய சோற்றை என் கண் முன்னாலேயே ஒருத்தர் மோந்து பார்த்த மாதிரி இருந்தது. மேலதிகாரியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். போன் போட்டால் மலையடிவாரத்தில் சிக்னல் விட்டுவிட்டு வந்தது, அவரும் எடுக்கவில்லை. "கேட்டுட்டுச் சொல்லுங்க, அதுவரைக்கும் தோண்டுங்க" என்று ஒருவழியாகக் கதவைத் திறந்தாள்.

தோட்டம் படிப்படியாக ஓடையை நோக்கிச் சரிந்திருந்தது. மேலே தென்னையும் முருங்கையும். நடுவில் தக்காளி. ஓடையை ஒட்டிய வயலில் செடிகள் கருகிச் சாய்ந்து கிடந்தன. ஆனால் நடு வயலில் பழம் செக்கச்செவேல் என்று பழுத்து, பறிக்க ஆளில்லாமல் அப்படியே வெடித்துக்கொண்டிருந்தது. ஏன் பறிக்கவில்லை என்று கேட்டேன்.

"மார்க்கெட்டுல எடுக்க மாட்டேங்குறாக. குப்பத்தண்ணி பாஞ்ச தோட்டமான்னு கேக்குறாக. இல்லைன்னு நான் எப்பிடிச் சொல்ல? எனக்கே தெரியாதுல்ல."

தோட்ட வேலை நின்றுபோனதால் அவள் கணவர் காலையிலேயே ஜீப்பில் போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்ட வேலைக்குப் போய்விட்டு இருட்டும்போதுதான் வருகிறார் என்றாள். தகரம் போட்ட வீடு, பக்கத்தில் மாட்டுக்கொட்டம், அதை ஒட்டிக் கிணறு. மோட்டாரின் வயரைக் கழற்றிச் சுருட்டி வைத்திருந்தாள். கிணற்றிலிருந்து நான் தண்ணீர் இறைத்துப் புட்டியில் பிடித்தபோது என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள்.

"மண்ணக்கூட சரி பண்ணிரலாம் மேடம். கிணறுதான் எனக்கு முக்கியம். தெளிவாத்தான இருக்கு?"

"பாக்குறதுக்குத் தெளிவாத்தான் இருக்கு" என்று மட்டும் சொன்னேன். கண்ணுக்குத் தெரிவதை வைத்து எதையும் சொல்ல முடியாது என்று எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். புட்டியின் மூடியை எடுத்து நீட்டினாள்.

மேல் வயலிலிருந்து தொடங்கி ஒவ்வொரு இடமாகக் கீழே இறங்கினேன். கடைசியில் ஓடைக்கரை. அங்கே தரை காய்ந்து, பாளம் பாளமாக வெடித்து, பிளாஸ்டிக் பைகள் ஒட்டிக்கொண்டு கிடந்தது. எப்போதோ வரப்புக்கு மண் வெட்டிய பள்ளம் ஒன்று அங்கே இருந்திருக்கிறது. வெள்ளத்தில் சேறு வந்து பள்ளத்தை மூடி, மேலே வெயில் பட்டு ஏடு கட்டிவிட்டது. எது தரை, எது பள்ளம் என்று யாருக்குமே தெரிந்திருக்காது. மண்ணை எடுத்துப் பையில் போட்டுக் கட்டிவிட்டு, நாலடி தள்ளிக் கால் வைத்தேன். கால் உள்ளே போனது. ஊன்றிக்கொள்ள அடுத்த காலை வைத்தேன். அதுவும் போனது.

இடுப்பு வரை இறங்கியதும் நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. காலை உதற உதற உள்ளேதான் இழுத்தது. வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே சில்லென்று, கூழ் மாதிரி இருந்தது. அந்த நாற்றத்தை எழுதத் தெரியவில்லை. மூச்சை இழுத்தால் தொண்டையில் எரிந்தது. டிரைவர் அண்ணன் மேலே ரோட்டில் வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

மாட்டைப் பார்க்கக் கொட்டத்துக்குப் போயிருந்த அவளுக்குக் கேட்டது. ஓடி வந்தவள், ஒரு நொடி நின்று பார்த்தாள். திரும்பிப் போய்த் தென்னமட்டைகளை இழுத்து வந்து, சேற்றின் மேல் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டாள். மாட்டுக் கயிற்றைக் கரையோரம் தனியாக நின்ற ஒரு தென்னையில் கட்டி, மறுமுனையைக் கையில் சுற்றிக்கொண்டு மட்டைகள் மேல் குப்புறப் படுத்து என்னை நோக்கி ஊர்ந்து வந்தாள்.

"அசையாதீங்க. கால உதறாதீங்க. என்னைப் பாருங்க."

அப்போது மார்பு வரை சேறு. ஒரு கையில் அந்த மண் பையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தேன். ஏன் அப்படிப் பிடித்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"அந்தப் பையப் போடுங்க மொதல்ல."

"போட்டா இங்க வந்து திரும்ப எடுக்கணும்" என்றேன். நடுக்கத்தில் பல் அடித்துக்கொண்டது. அவள் பையை வாங்கிப் பின்னால் கரையில் எறிந்துவிட்டு, கயிற்றை என் அக்குளுக்குக் கீழே சுற்றி முடிச்சுப் போட்டாள். அவள் முகமெல்லாம் சேறு. அதற்குள் டிரைவர் அண்ணன் ஓடி வந்துவிட்டார். இரண்டு பேரும் இழுத்தார்கள். ஒரேயடியாக இழுக்காமல், நான் மூச்சு விடும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு கால் பூட்சு உள்ளேயே போய்விட்டது. நான் கரையில் வந்து விழுந்தேன்.

அவள் என்னை உட்காரக்கூட விடவில்லை. "இது உடம்புல காயக்கூடாது, வெரசா வாங்க" என்று மாட்டுக்கொட்டத்துக் கல்லில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். டிரைவர் அண்ணன் ரோட்டுப் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார். வீட்டு வாசலில் ஒரு நீல டிரம் இருந்தது. அதிலிருந்து சொம்பு சொம்பாக மொண்டு என் தலையில் ஊற்றினாள்.

"கண்ண மூடிக்கங்க. வாயத் தொறக்காதீங்க."

சோப்பு போட்டாள். ஷாம்பு பாக்கெட்டைப் பல்லால் கிழித்து ஊற்றித் தேய்த்தாள். கறுப்பு போகப் போக ஊற்றிக்கொண்டே இருந்தாள். "போதும்மா" என்றேன். "காதுக்குள்ள இருக்கு, குனிங்க" என்றாள். டிரம்மைச் சாய்த்து அடியில் இருந்ததையும் மொண்டாள். அது தீர்ந்ததும் உள்ளே போய் எவர்சில்வர் குடங்களைத் தூக்கி வந்தாள். ஒவ்வொரு விரல் இடுக்காகக் கழுவினாள். பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி என்று சொன்னால் அவளைவிட வயதில் மூத்த எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. பிறகு துவைத்து மடித்த நைட்டி ஒன்றையும் துண்டையும் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய், இலையாலும் பழைய துணியாலும் தன் மேல் இருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டாள்.

எனக்குத் தொண்டை வறண்டுபோயிருந்தது. குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் கேட்டேன்.

அவள் ஒரு கணம் தயங்கினாள். அப்புறம் அரிவாளை எடுத்துக்கொண்டு போய், குட்டைத் தென்னையிலிருந்து இளநீர் ஒன்றை வெட்டிச் சீவிக் கொண்டுவந்தாள்.

"இளநி குடிங்கக்கா."

மேடம் அக்கா ஆனதைக்கூட நான் உடனே கவனிக்கவில்லை. வீட்டுக்குள் பார்வை போனது. அடுப்படியில் குடங்கள் எல்லாம் வாய் திறந்து சாய்ந்து கிடந்தன. டிரம் கவிழ்ந்து கிடந்தது. கிணறு கெட்டிருக்குமோ என்று பயந்து அதைத் தொடாமல், லாரித் தண்ணீரை வைத்தே ஓட்டுகிற வீடு அது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கொட்டத்தில் மாடு விடாமல் கத்திக்கொண்டிருந்தது.

"தண்ணி லாரி எப்ப வரும்?"

"நாளைக்கோ நாளன்னைக்கோ. வரும்."

"மாட்டுக்கு?"

"பக்கத்துத் தோட்டத்துல ஒரு கொடம் கேக்கணும்."

"கொஞ்சமாவது மிச்சம் வச்சிருக்கலாமே" என்றேன்.

"பாதி கழுவி அனுப்ப முடியுமாக்கா?" என்றாள் அவள், சாதாரணமாக.

டிரைவர் அண்ணனுக்கு விஷயம் புரிந்ததும் குடங்களையும் டிரம்மையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, அடுத்த ஊர்க் குழாயில் பிடித்து வரக் கிளம்பினார். அவர் வருவதற்குள் நானும் அவளும் கொட்டத்து ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு நடுக்கம் குறைந்திருந்தது. நான் எப்படி நன்றி சொல்வது என்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "சரிக்கா. அந்த மண்ண எடுங்க. எனக்குப் பாதி பிரிச்சுக் குடுங்க."

நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அவளே சொன்னாள்.

"நீங்க விழுந்தீக, தூக்குனேன். அது வேற. மண்ணு வேற."

மேலதிகாரிக்கு மறுபடி போன் செய்யவில்லை. பாயை விரித்து, ஒவ்வொரு பை மண்ணையும் தனித்தனியாகக் கொட்டிக் கிளறி, சரி பாதியாகப் பிரித்தோம். ஒரு பங்கு எனக்கு, ஒரு பங்கு அவளுக்கு. கிணற்றுத் தண்ணீரும் அப்படியே. ஒவ்வொன்றிலும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். அவள் தன் பங்கை வீட்டுக்குள் அரிசிப் பானைக்கு மேலே இருந்த பலகையில் அடுக்கி வைத்தாள். நான் அவளுடைய நைட்டியிலேயே போடிக்குப் போய், ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு மதுரைக்குத் திரும்பினேன்.

இரண்டு நாள் கழித்து மேலதிகாரி கூப்பிட்டார். கிடங்குத் தரப்பிலிருந்து பேசினார்களாம். "எல்லா மண்ணையும் ஒண்ணாக் கலந்து ஒரே சாம்பிளாப் பாத்தா போதும்னு சொல்றாங்க. சீக்கிரம் முடியும்" என்றார். கேட்பதற்குச் சாதாரணமாகத்தான் இருக்கும். உரத்துக்காகப் பார்க்கும்போது நாங்களே அப்படிக் கலப்பதுண்டு. ஆனால் இங்கே மேல் வயலின் நல்ல மண்ணைக் கொண்டுபோய்க் கீழ் வயல் மண்ணோடு கலந்தால், கெட்டதெல்லாம் நீர்த்துப்போய் எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்துவிடும்.

அப்படிச் செய்யக்கூடாது என்றேன். அவர் கெட்டவர் இல்லை. ஆனால் வேலை கொடுத்தவரை எப்படிப் பகைத்துக்கொள்வது என்று யோசித்தார்.

"சார், பாதி மண்ணு அந்தம்மா வீட்டுல இருக்கு. என் கையெழுத்தோட. அவங்க வேற லேப்புக்கு அனுப்புனா தனித்தனியாத்தான் பாப்பாங்க" என்றேன்.

"சரி, தனித்தனியாவே பண்ணுங்க" என்றார்.

என் மேல் நம்பிக்கை இல்லாமல் அவள் கேட்டு வாங்கிய பங்குதான் அன்றைக்கு என் பக்கம் நின்றது. அது இல்லாமல் என் வார்த்தை மட்டும் போதுமானதாக இருந்திருக்குமா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். எனக்கும் சம்பளம் வேண்டும், கல்லூரியில் படிக்கிற மகள் இருக்கிறாள். எவ்வளவு தூரம் பிடிவாதமாக நின்றிருப்பேன் என்று சொல்லத் தெரியவில்லை.

முடிவுகள் வந்தன. மேல் வயலும் நடு வயலும் பழுதில்லை. ஓடையை ஒட்டிய வயலில் உப்பும் ஈயமும் இருக்கக்கூடாத அளவுக்கு இருந்தன. கிணற்றுத் தண்ணீர் பார்ப்பதற்கு மட்டும்தான் தெளிவு. குடிக்க ஆகாது.

அதைப் போனில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை துவைத்து மடித்த நைட்டியை எடுத்துக்கொண்டு பஸ்சில் போனேன். அவள் கணவரும் வீட்டில் இருந்தார். காப்பி கொடுத்தாள். போகும் வழியெல்லாம் ஒன்று மனதில் ஓடிக்கொண்டிருந்தது: கிணற்றை மட்டும் கொஞ்சம் மென்மையாகச் சொல்லலாமா, இப்போதைக்குப் பரவாயில்லை என்பது மாதிரி. இருந்த தண்ணீரையெல்லாம் எனக்கு ஊற்றியவளிடம் போய் உன் தண்ணீர் ஆகாது என்று எப்படிச் சொல்வது?

நல்லதை முதலில் சொன்னேன். மேல் வயலும் நடு வயலும் பிரச்சினை இல்லை, தைரியமாக நடலாம் என்றேன். ஓடைக்கரை மண்ணை வழித்து எடுத்தாக வேண்டும் என்றேன். அவள் தலையாட்டினாள்.

"கிணறு?"

"ஆகாதும்மா. இப்பத்திக்கு மாட்டுக்கும் வைக்காதீங்க."

அவள் கணவர் எழுந்து கொட்டத்துப் பக்கம் போய்விட்டார். அவள் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்காகக் கூட்டிக் கொறைச்சு ஒண்ணும் சொல்லலியே?"

"இல்ல. இருக்குறதுதான்."

அவள் மூச்சை மெல்ல விட்டாள். "எம் பங்க வேற எடத்துக்கு அனுப்பிருந்தேங்கா. நேத்து போன் பண்ணுனாக. அவுகளும் இதேதான் சொன்னாக. கிணத்தயும் சேத்துத்தான்." காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டே, "நீங்க கிணறு நல்லாருக்குன்னு சொல்லிருவீகளோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்" என்றாள்.

வருகிற வழியில் நான் நினைத்ததை நினைத்துக்கொண்டேன். இந்த முறை அவள் என்னைச் சோதித்துப் பார்த்ததில் எனக்குத் துளிகூட வருத்தம் இல்லை.

"ரெண்டு பக்கமும் ஒண்ணாச் சொன்னா இனி அவுக மறுக்க முடியாதுல்ல" என்றாள். மறுக்க முடியவில்லைதான். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். ஓடைக்கரை மண்ணை வழித்து லாரிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். கிடங்குத் தொட்டியைச் சிமெண்டில் கட்டினார்கள். வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. நடு வயலில் அவள் போட்ட பீன்ஸை மார்க்கெட்டில் எடுத்துக்கொண்டார்கள். ஓடைக்கரை வயல் இன்னும் தரிசாகத்தான் கிடக்கிறது. கிணற்றைப் பல தடவை இறைத்துப் பார்த்தும் தண்ணீர் தென்னைக்குப் பாய்ச்சும் அளவுக்குத்தான் தேறியிருக்கிறது, குடிக்க இன்னும் ஆகவில்லை. அந்த இழப்பு இழப்புதான்.

இப்போது எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் அவர்கள் கேட்பதற்கு முன்பே பாதி மண்ணைப் பிரித்துக் கட்டிக் கொடுத்துவிடுகிறேன். சிலர் எதற்கு என்று விழிப்பார்கள், சிலர் வாங்கி வரப்பிலேயே வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். என் வார்த்தையை ஒரு நிமிடம்கூட அப்படியே நம்பாத ஒருத்தி, என் உயிரைக் காப்பாற்றவோ வீட்டில் இருந்த கடைசிச் சொம்பு தண்ணீரை எனக்கு ஊற்றவோ கொஞ்சமும் யோசிக்கவில்லை. யாராவது என்னைச் சந்தேகமாகப் பார்க்கும்போது எனக்கு இப்போது கோபம் வராமல் இருப்பதற்கு அவள்தான் காரணம்.